மீன்தொட்டியில் தண்ணீருக்கு மேல் படியும் எண்ணெய்ப் படலம்

கேள்வி இதுதான்: ஹாலில் ரெண்டடித் தொட்டி. கப்பியும் நியான் டெட்ராவும் இருக்கின்றன, கொஞ்சம் செடி, ஓர் இன்டர்னல் ஃபில்டர். காலையில் விளக்கைப் போட்டால் தண்ணீருக்கு மேல் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு படலம் மினுங்குகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றியும் அப்படியே இருக்கிறது. மீனுக்கு ஆபத்தா? கடைக்காரர் சொல்கிறபடி, மேற்பரப்புத் தண்ணீரை உறிஞ்சிப் படலத்தை எடுக்கும் ஸ்கிம்மர் என்ற கருவியை வாங்கத்தான் வேண்டுமா?

மீன்கள் வழக்கம்போல் நீந்தி, வழக்கம்போல் சாப்பிட்டால் அவசர ஆபத்து எதுவும் இல்லை. ஸ்கிம்மரும் இப்போதைக்கு வேண்டாம். ஃபில்டரின் தண்ணீர் வெளிவரும் வாயைச் சற்று மேலே தூக்கி, மேற்பரப்பு முழுக்கச் சிற்றலை ஓடும்படி திருப்பி வைத்தாலே பெரும்பாலான தொட்டிகளில் ஓரிரு நாளில் படலம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் கண்ணிலிருந்து மறைவது வேறு, வருவதே நிற்பது வேறு. படலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விட்டால், ஒரு ராத்திரி கரண்ட் போனாலும் காலையில் அது மறுபடி மேலே கிடக்கும். இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

தொட்டியில் சேரும் அழுக்கெல்லாம் மேலே வருவதில்லை. மீன் வெளிவிடும் அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரேட்டும் தண்ணீரில் கரைந்தே கிடக்கும். கசடு மணலில் தங்கும். மேலே வருபவை முக்கியமாகக் கொழுப்பும் புரதமும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, கரையவும் கரையாது. அதனால் நேராக மேலே வந்துவிடுகிறது. புரதத்தின் சங்கதி கொஞ்சம் வேறு. அதன் மூலக்கூறில் சில பகுதிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. பிடிக்காத பகுதி ஒதுங்க வசதியான இடம், தண்ணீரும் காற்றும் சந்திக்கும் எல்லை. எனவே தண்ணீரில் கரைந்திருந்த புரதமும் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்துகொள்கிறது. உணவு குவிந்த இடத்துக்குப் பாக்டீரியா வராமலிருக்குமா? ஒன்றிரண்டு நாளில் அது வெறும் எண்ணெய்ப் பூச்சாக இல்லாமல், உயிருள்ள ஒரு படலமாக ஆகிவிடுகிறது. விரலால் தொட்டால் கொஞ்சம் வழுவழுப்பாக ஒட்டுவதும், பழசாகும்போது சாம்பல் நிறம் தட்டுவதும் இதனால்தான்.

எவ்வளவு எண்ணெய் இருந்தால் இப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? லண்டனில் கிளாஃபம் பகுதிக் குளம் ஒன்றில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை விட்டுப் பார்த்தார். அது பரவிக்கொண்டே போய் ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பில் அலையை அடக்கிவிட்டது என்று 1774-ல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கை உங்கள் தொட்டிக்குப் போடுவோம். ரெண்டடிக்கு ஓரடி என்றால் மேற்பரப்பு இரண்டு சதுர அடி. அதை முழுவதும் மூட ஒரு சொட்டு எண்ணெயில் நூறில் ஒரு பங்கு போதும். வானவில் நிறம் தெரியும் அளவுக்குப் படலம் தடிக்க வேண்டுமானால் ஒரு சொட்டு வேண்டும், அவ்வளவுதான். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைக் கழுவாமல் செடியைச் சரிசெய்யத் தொட்டிக்குள் விட்டால் இதைவிட அதிகமாகவே போய்ச் சேரும்.

ஃபிராங்க்ளின் வியந்த அந்த அலையடங்கிய அமைதிதான் நமக்குத் தொந்தரவு. தொட்டிக்குள் ஆக்சிஜன் வரவும் கரியமில வாயு வெளியேறவும் முக்கிய வாசல் மேற்பரப்புதான். மேற்பரப்பு அசைந்து, மேல்தண்ணீர் கீழேயும் கீழ்த்தண்ணீர் மேலேயும் புரண்டால் இந்தப் பரிமாற்றம் வேகமாக நடக்கும். படலம் மூடினால் சிற்றலைகள் அடங்கிப்போகின்றன, பரிமாற்றம் மந்தமாகிறது. படலத்தில் குடியிருக்கும் பாக்டீரியாவும் தன் பங்குக்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் அது 7.6-க்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் ஹாலில் வைத்த தொட்டி 30-ஐத் தாண்டுவது சாதாரணம். செடிகளும் இரவில் ஆக்சிஜன் விடுவதில்லை, எடுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. ஆகவே படலம் மூடிய, செடி நிறைந்த, மீன் நெரிசலான தொட்டிக்கு மோசமான நேரம் விடியற்காலை. விளக்கைப் போடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் பற்றவில்லை என்று அர்த்தம். கப்பிகள் இயல்பாகவே மேல்மட்டத்தில் சுற்றும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியான் டெட்ரா நடுமட்டத்து மீன். அதுவும் மேலே வந்து நின்றால் கவனியுங்கள்.

ஃபைட்டர், கௌராமி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றுக்கு லாபிரிந்த் என்ற தனி உறுப்பு இருப்பதால் மேலே வந்து நேராகக் காற்றையே உறிஞ்சும். எனவே ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் சமாளித்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்துக்குள் வாயை நுழைத்துத்தான் மூச்சு விட வேண்டும். ஃபைட்டர் தொட்டியில் பெரும்பாலும் அசைவு இல்லாததால் படலம் அங்கேதான் தடிமனாகப் படிகிறது. ஆண் ஃபைட்டர் கட்டும் நுரைக்கூடு இதில் சேர்த்தி இல்லை. மூலையில் கெட்டியாக, ஒரே இடத்தில் குமிழ்கள் குவிந்திருந்தால் அது கூடு, அதைக் கலைக்காதீர்கள்.

அடுத்தது உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி: வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றியும் ஏன் போகவில்லை? மாற்றும்போது டியூபை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மணலில்தான். கசடு போக வேண்டும் என்பதால் அது சரிதான். ஆனால் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சினால் மேலே இருக்கும் படலம் தண்ணீர் மட்டத்தோடு அப்படியே இறங்கும். புதுத் தண்ணீரை ஊற்றும்போது கொஞ்சம் உடைந்து கலங்கி, மறைந்த மாதிரி தெரியும். பிறகு மட்டத்தோடு மேலே ஏறி ராத்திரியில் மறுபடி கூடிவிடும். ஏரிக்குக் கலிங்கு வைத்தார்களே, நிறைந்த தண்ணீர் மேல்மட்டத்தில் வழிந்து போகும்போது மிதப்பதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். உங்கள் தொட்டிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. சம்ப் வைத்த பெரிய தொட்டிகளில் தண்ணீர் மேலிருந்து வழிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்குவதால்தான் இந்தப் புகார் அங்கே அபூர்வம். எனவே தண்ணீர் மாற்றும்போது கடைசிப் பங்கை மேலிருந்து எடுங்கள்.

மேலிருந்து எடுக்க எளிய வழி ஓர் எவர்சில்வர் டம்ளர். ஃபில்டரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், படலம் ஒன்றாகக் கூடும். டம்ளரை நிமிர்ந்தபடியே தண்ணீருக்குள் அழுத்தி, விளிம்பு மட்டும் மேற்பரப்புக்கு ஒரு நூல் கீழே இருக்கும்படி பிடித்தால் சுற்றியிருக்கும் படலம் தானாக உள்ளே வழியும். நிறைந்ததும் எடுத்துக் கொட்டுங்கள். வேகமாக முக்கினால் பயன் இல்லை, வெறும் தண்ணீர்தான் வரும். கப்பிக் குஞ்சுகள் மேல்மட்டத்தில்தான் திரியும், எனவே கொட்டுவதற்கு முன் டம்ளருக்குள் ஒருமுறை பாருங்கள். இன்னொரு வழி காகிதம். வாசனையோ சாயமோ இல்லாத கிச்சன் டிஷ்யூவைத் தொட்டியின் அகலத்துக்கு ஒரு முனையில் படர விட்டு, இரண்டு மூன்று விநாடி கழித்து மறு முனைவரை மெதுவாக இழுத்து எடுங்கள். புதுத் தாளில் இரண்டு மூன்று தடவை செய்தால் மேற்பரப்பு பளிச்சென்று ஆகிவிடும். செய்தித்தாளிலும் சிலர் எடுக்கிறார்கள். அச்சு மை தண்ணீரில் படுவதை நான் விரும்புவதில்லை, அச்சிடாத தாள் கிடைத்தால் பயன்படுத்தலாம்.

இப்படி எடுத்துவிட்டு ஃபில்டரைத் திருத்துங்கள். இன்டர்னல் ஃபில்டரைக் கடையில் வாங்கி வந்தபடி தொட்டியின் அடியில் ஒட்டிவைப்பவர்கள் நிறையப் பேர். அங்கிருந்து வரும் ஓட்டம் நடுவில் மட்டும் சுற்றும், மேலே எட்டாது. அதன் வாய் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து, தொட்டியின் நீளவாக்கில் பார்க்கட்டும். சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் தேவையில்லை, சிற்றலை எதிர் மூலைவரை போய்ச் சேர்ந்தால் போதும். போய்ச் சேருகிறதா என்று தெரிந்துகொள்ள மீன் உணவில் ஒரு சிட்டிகையை நுணுக்கி மேலே தூவிப் பாருங்கள். எங்கே நகராமல் தேங்குகிறதோ அங்கேதான் படலமும் தேங்கும். பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் மூலையும், மேலே எட்டி வளர்ந்து படுத்திருக்கும் செடிகளுக்கு நடுவிலும்தான். செடியைக் கொஞ்சம் கத்தரித்து வழி விடுங்கள். டக்வீட் போன்ற மிதக்கும் செடி மேற்பரப்பை முழுவதும் மூடியிருந்தால் பாதியை அள்ளி எறிந்துவிடலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், குமிழோடு தண்ணீர் வெளிவரும் குழாயின் நுனி மேற்பரப்பை ஒட்டி இருக்கும்படி நீளத்தைச் சரிசெய்தால் அதுவே நல்ல ஓட்டத்தைத் தரும். வெறும் ஏர் ஸ்டோனும் உதவும், ஆனால் அது படலத்தை உடைத்து ஓரங்களுக்குத் தள்ளுவதோடு நின்றுவிடுவது உண்டு. ஃபில்டர் ஓட்டம் அப்படியில்லை. அது படலத்தைக் கலக்கித் தண்ணீருக்குள் இழுத்து ஸ்பாஞ்சுக்கு அனுப்புகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைத்துவிடுகிறது. இதற்கு ஸ்பாஞ்ச் அடைத்துக் கிடக்கக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினால் குளோரின் பட்டு அந்தப் பாக்டீரியாவே போய்விடும்.

இனி, எங்கிருந்து வருகிறது என்ற துப்பறியும் வேலை. முதல் சோதனை பக்கெட். சோப்புப் போடாமல் நன்றாக அலசிய பக்கெட்டில், தொட்டிக்கு ஊற்றும் அதே தண்ணீரைப் பிடித்து, அடுப்படியிலிருந்து தள்ளி ஒரு ராத்திரி வையுங்கள். அதிலும் படலம் வந்தால் குற்றவாளி தொட்டி இல்லை, தண்ணீர்தான். இரண்டாவது சோதனை குச்சி. படலத்தின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உடனே ஓடிவந்து சேர்ந்துகொண்டால் எண்ணெய். கோணல்மாணலான சில்லுகளாக உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புச்சத்துத் தண்ணீரில் வளரும் பாக்டீரியாவின் வேலை. சுருங்கி மடிந்து, மெதுவாக மூடிக்கொண்டால் முன்பே சொன்ன புரதமும் கொழுப்பும் கலந்த சாதாரணப் படலம்.

இரும்புப் படலம் போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் சகஜம். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் மறுநாள் செம்பழுப்பாக மாறி, பக்கெட்டின் அடியில் துருப்பொடி படிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வானவில் மினுமினுப்பைப் பார்த்து எண்ணெய் என்று நினைத்து மோட்டாரைக் குறைசொல்பவர்கள் உண்டு. மீன்களுக்கு அது பெரிய விஷமல்ல, பார்க்கத்தான் அசிங்கம். ஒரு டிரம்மில் தண்ணீரைப் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓட விடுங்கள். கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகி அடியில் படியும். கசடைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றினால் போதும். உண்மையிலேயே எண்ணெயாக இருக்கவும் வாய்ப்புண்டு. போர் சப்மெர்சிபிள் மோட்டார்களில் உள்ளே எண்ணெய் நிரப்பிய ரகம் ஒன்று இருக்கிறது. சீல் போனால் எண்ணெய் கசியும். குச்சிக் கோடு உடனே மூடி, தண்ணீரில் வாடையும் அடித்தால் மீனைவிட முதலில் உங்கள் வீட்டுக் குடிதண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடினத் தண்ணீரில் வேறொரு படலம் வரும். இது மினுங்காது. வெள்ளையாக, மெல்லிய சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் மிதந்து, தொட்டால் பொறுக்காக உடையும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, மேற்பரப்பில் கரியமில வாயு வெளியேறும்போது திடமாக மாறி அங்கேயே மிதப்பதுதான் இது. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு படிந்திருக்கும் தொட்டிகளில் இதையும் எதிர்பார்க்கலாம். கொஞ்சம் வழித்து ஸ்பூனில் காயவைத்து ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொங்கும். ஆபத்தில்லை. சிற்றலை இருந்தால் உருவாகவே உருவாகாது. தண்ணீரையே மென்மையாக்க நினைத்தால் ஆர்ஓ தண்ணீரைப் பாதி கலக்கலாம், சிறிது சிறிதாக. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; உப்பும் சுண்ணாம்பும் கூடிப்போன தண்ணீர் அது.

பக்கெட்டில் ஒன்றும் வரவில்லை என்றால், காரணம் தொட்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது சாப்பாட்டைத்தான். மீன் உணவில் எண்ணெய் உண்டு, அதிலும் பெரிய பாக்கெட்டைப் பிரித்து பிளாஸ்டிக் கவரில் எடைபோட்டு விற்கும் உணவு எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய உணவில் எண்ணெய் சிக்குப்பிடித்து உதிரும். சிறிய டப்பாவாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, மாதக்கணக்கில் இழுக்காமல் தீர்த்துவிடுங்கள். உறைந்த ரத்தப்புழுவை ஐஸ் கட்டியோடு அப்படியே போட்டால் அந்தச் சிவப்பு நீர் முழுவதும் படலத்துக்குத் தீனி. டீ வடிகட்டியில் போட்டு உருகவிட்டு, அலசி, புழுவை மட்டும் போட வேண்டும். ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார் வளர்ப்பவர்கள் கோழித்துண்டு, ஈரல் என்று கொடுத்துவிட்டுப் படலம் வருகிறதே என்று கேட்டால் பதில் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. இட்லித் துணுக்கு, பிரெட், பிஸ்கட் எல்லாம் உள்ளே போகும். வீட்டில் தாத்தா பாட்டியும் குழந்தைகளும் இருந்தால் நீங்கள் போடுவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் ஒருநாள் பட்டினி. வளர்ந்த கப்பிக்கும் டெட்ராவுக்கும் இது தாராளம்.

தின்பதற்கு அடுத்து அழுகுவது. அழுகும் இலை, கற்களுக்கு இடையில் செத்துக்கிடக்கும் நத்தை, எண்ணிக்கையில் குறையும் ஒரு மீன். திடீரென்று ஒரே நாளில் படலம் தடித்து, கூடவே நாற்றமும் உடையாத நுரையும் வந்தால் முதலில் மீன்களை எண்ணுங்கள். புதிதாக வைத்த செடிகள் பழைய இலைகளை உதிர்ப்பதும், புதிதாகப் போட்ட மரக்கட்டை சாறு விடுவதும் சில வாரங்களுக்குப் படலம் தரும். புதுத் தொட்டியில் பாக்டீரியாக்கள் நிலைபெறும் வரைக்கும் அப்படித்தான். அதுவரை டம்ளரில் எடுத்துக் கொட்டிக்கொண்டே பொறுமையாக இருக்கலாம், வேறு வைத்தியம் வேண்டாம்.

வீட்டுக் காற்றிலிருந்தும் வரும். தாளிப்பு, அப்பளம், வடை பொரிக்கும் புகையில் எண்ணெய்த் துளிகள் மிதந்து வந்து திறந்த தண்ணீரில் படியும். ஹாலும் அடுப்படியும் ஒட்டியிருக்கும் ஃபிளாட்டில் தொட்டிக்கு மூடி அவசியம். சாம்பிராணி, ஊதுபத்தியை வேறு மூலைக்கு மாற்றிவிடலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் கொசு மருந்து. லிக்விட் மெஷினிலும் சுருளிலும் ஸ்பிரேயிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை ரசாயனம். மனிதர்களை அதிகம் பாதிக்காத அளவிலேயே மீனைக் கொல்லும், இறால் இருந்தால் இன்னும் மோசம். படலத்தைப் பற்றிக் கவலைப்படும் பலர் தொட்டிக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே கொசு மெஷினைச் சொருகியிருப்பார்கள். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழாக விடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். அடித்தே தீர வேண்டும் என்றால் தொட்டியை ஈரத்துணியால் மூடி, ஏர் பம்பை நிறுத்தி, அறை முழுக்கக் காற்றாடிய பிறகு பம்பைப் போடுங்கள். அடித்த சில மணி நேரத்தில் மீன்கள் தாறுமாறாகச் சுழன்று நீந்தினால் அது படலப் பிரச்சினையே அல்ல; பாதிக்குமேல் தண்ணீரை உடனே மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

ஒரு சின்னக் காரணம் பலருக்கும் தோன்றாது. ஆன்ட்டி குளோரின் என்று விற்பதில் வெறும் தயோசல்ஃபேட் படிகம் ஒரு ரகம். மீனின் உடம்பு வழுவழுப்பைக் காக்கும் என்று கற்றாழைச் சாறோ வேறு கூழ்ப்பொருளோ சேர்த்த திரவம் இன்னொரு ரகம். இரண்டாவதை அளவுக்கு மேல் ஊற்றினால் நுரையும் படலமும் கூடும். மூடியில் போட்டிருக்கும் அளவே போதும்.

செய்யக் கூடாதவை என்று தனியாகச் சொல்ல வேண்டியது, பாத்திரம் கழுவும் சோப்பு. ஒரு சொட்டு விட்டால் படலம் ஓரத்துக்கு ஓடிவிடும், வீடியோவில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதே சொட்டு மீனின் செவுளைப் பாழாக்கும். கல்லுப்பு, மெத்திலீன் புளூ இரண்டையும் எல்லா வியாதிக்கும் எழுதிக்கொடுக்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. இரண்டுக்கும் படலத்துக்கும் சம்பந்தமில்லை, உப்பால் செடிகள்தான் கெடும். கிருமியைக் கொல்ல வைக்கும் யுவி விளக்கு தன் வழியாகப் போகும் தண்ணீரை மட்டுமே பார்க்கும். மேலே மிதப்பது அதன் பக்கம் போவதே இல்லை.

மீனை வைத்தே சுத்தம் செய்ய முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். பிளாக் மோலி படலத்தை மேய்வது உண்மை. மேற்பரப்பில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே போவதை உட்கார்ந்து பார்க்கலாம். சிறு நத்தைகளும் தலைகீழாக ஊர்ந்து அதைத் தின்னும். ஆனால் மோலிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், கப்பிக்கும் அப்படியே. நியான் டெட்ரா மென்தண்ணீர் மீன். உங்கள் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு ஊர்த் தண்ணீர்க்காரர்கள் இருக்கிறார்கள். படலத்துக்காக மோலியைக் கொண்டுவந்தால் அதற்கும் சாப்பாடு போட வேண்டும், அதன் கழிவும் சேரும். ஐம்பது லிட்டர் சொச்சம் பிடிக்கும் தொட்டியில் நான் சேர்க்க மாட்டேன்.

கரியமில வாயு சிலிண்டர் வைத்துச் செடித்தொட்டி நடத்துபவர்களுக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் சிக்கல். மேற்பரப்பை அசைத்தால் காசு கொடுத்து ஏற்றிய வாயு வெளியே போய்விடும், அசைக்காவிட்டால் படலம். கேஸ் ஓடும் நேரத்தில் லேசான சிற்றலை, விளக்கு அணைந்த பிறகு நல்ல அசைவு என்று டைமரில் பிரித்துவைத்தால் இரண்டும் ஓரளவு நடக்கும். ஸ்கிம்மர் உண்மையிலேயே பயன்படுவது இந்தத் தொட்டிகளில்தான். இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் மேற்பரப்பு தெளிந்துவிடும்.

அப்படியே வாங்குவதானால் பெயரில் ஏமாறாதீர்கள். சர்ஃபேஸ் ஸ்கிம்மர் வேறு, புரோட்டீன் ஸ்கிம்மர் வேறு. பின்னது பொடிக் குமிழ்களை விட்டு நுரையோடு புரதத்தை எடுப்பது, கடல்நீர்த் தொட்டிக்கானது. உப்புத் தண்ணீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாக நிற்பதால்தான் அது வேலை செய்கிறது. நன்னீரில் குமிழ்கள் சேர்ந்து பெரிதாகிவிடும், நுரை திரளாது, பணம் வீண். சர்ஃபேஸ் ஸ்கிம்மரில் வாய்ப்பகுதி மிதக்கும் ரகமாகப் பாருங்கள். நிலையான வாய் உள்ளது என்றால், கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் கொஞ்சம் இறங்கினாலே காற்றை இழுத்துக் கொரகொரவென்று சத்தம் போடும். எந்த ரகமானாலும் கப்பிக் குஞ்சுகளை உறிஞ்சும். குட்டி போடும் தொட்டியில் வாயை மெல்லிய ஸ்பாஞ்சால் மூடினால் படலமும் உள்ளே போகாது. அதனால் குஞ்சுகளைத் தனித் தொட்டியில் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.